சின்னவள் என்னை முந்த மாட்டாள்

1

நான் ஓடத் தொடங்கியது பொறாமையால். ஊரிலிருந்து கேட்பவர்களிடம் சர்க்கரை வராமல் இருப்பதற்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டரே சொன்னார் என்றும் ஒருமுறை அளந்துவிட்டேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. என் ஓர்ப்படியாள் நாகஜோதி ஓடினாள், அதனால் நானும் ஓடினேன். அவள் என் கணவரின் தம்பி மனைவி. வீட்டுக்கு நான் பெரியவள், அவள் சின்னவள்.

நானும் வீட்டுக்காரரும் மான்செஸ்டருக்கு வந்து இந்தச் சித்திரையோடு இருபது வருஷம் ஆகிவிட்டது. இருபது வருஷம் என்றால் வீடு வாங்கிய கதை, குடியுரிமை வாங்கிய கதை, முதல் பனியைப் பார்த்த கதை எல்லாம் எழுத வேண்டும் என்று ஊரில் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் மனமில்லை. இந்த வருஷம் முழுக்க என் மண்டைக்குள் ஜோதியும் ஒரு பூங்காவும்தான் இருந்தார்கள்.

கொழுந்தனும் அவளும் வந்து ஏழு வருஷம் இருக்கும். விமான நிலையத்துக்குப் போய் அவளைக் கூட்டி வந்தவள் நான். குளிருக்குச் சட்டைக்கு மேல் சட்டையாக எப்படிப் போடுவது, பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது, பக்கத்து வீட்டுக்காரி 'ஆல்ரைட்?' என்று கேட்டால் அது உடம்பு விசாரிப்பு இல்லை, நின்று முழங்கால் வலியைச் சொல்லக் கூடாது என்பது வரைக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். பாளையம்பட்டிக் கடைத்தெருவில் ஸ்கூட்டியில் பறந்தவள், இங்கே ரோட்டைத் தாண்ட என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் வைகாசியில் அவள் மான்செஸ்டரின் வடக்கே இருக்கும் பெரிய பூங்காவில் பத்துக் கிலோமீட்டர் பந்தயம் ஓடினாள். குடும்ப வாட்ஸப் குழுவில் படம் வந்தது. கொஞ்ச நேரத்தில் எம்.ரெட்டியபட்டியிலிருந்து மாமியார் போன் போட்டார்.

"ஏத்தா, சின்னவ என்னமோ பந்தயத்துல ஓடுனாளாம்ல. கழுத்துல பதக்கம் தொங்குது. நம்ம பயலும் தோள்ல கை போட்டு நிக்கிறான். நீ எங்கத்தா இருந்த?"

"வீட்டுல இட்லி ஊத்திக்கிட்டு இருந்தேன் அத்தை."

"அதுவும் வேணும்ல" என்றார் அத்தை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதன்பிறகு இரண்டு நாள் நான் இட்லித் தட்டைத் தொடவில்லை.

பதக்கத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. சித்தியின் தோளில் கை போட்டு நின்ற 'நம்ம பயல்' என் மகன் கவின். அவன் என் தோளில் கை போட்டுக் காலம் ஆகிவிட்டது.

2

கவினுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் நான் என்ன கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் ஆங்கிலத்தில் பதில் வரும். ஃபைன், ஓகே, லேட்டர். எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதை எழுதினால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும்.

அவன் குழந்தையாக இருந்தபோது பேச்சு வரத் தாமதமானது. பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அம்மாள் ஒருவர், நர்சரியில் சேர்வதற்குள் வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், பிள்ளை குழம்பாது என்றார். திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் படித்த என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் என் பிள்ளையைக் கொஞ்சினேன். 'கம் கம், ஈட் ஈட்' என்று கொஞ்சினால் என்ன கொஞ்சல் அது. இன்றைக்கும் அந்த அம்மாளை டிராமில் பார்த்தால் பக்கத்தில் உட்கார மாட்டேன்.

ஜோதி வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. அவள் ஆங்கிலம் என்னுடையதை விட மோசம். அவள் வெட்கப்படவில்லை. "ஏலே, நீ எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடு, நா உனக்குத் தமிழ் சொல்லித் தாரேன்" என்று அவனோடு ஒப்பந்தம் போட்டாள். எனக்கு அப்படி ஒரு யோசனை வரவே இல்லை. இப்போது அவளிடம் மட்டும் அவன் தமிழில் பேசுகிறான். அதுவும் அச்சு அசல் பாளையம்பட்டித் தமிழ். சனிக்கிழமை காலையில் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், எழுப்பி எழுப்பி என் குரலைக் கம்ம வைக்கும் பிள்ளை, ஷூவை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்குவான்.

"என்ன சித்தி, இம்புட்டு லேட்டு? எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கேன்."

"டிராம் வரலடா. வா, போவோம்."

நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் நாற்றங்காலில் முளைத்த நாற்றுபோல என் மகன் பேச்சு வேறொருத்தி வயலில் நடப்பட்டு அங்கே விளைந்துவிட்டது. இரண்டு பேரும் பூங்காவைச் சுற்றி ஓடிவிட்டு வருவார்கள். வரும்போது முகம் சிவந்து சிரித்துக்கொண்டு வருவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் அவன் 'நத்திங்' என்பான்.

இந்தத் தை மாதம் ஒருநாள் ஜோதி போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள் போகிற போக்கில் கேட்டாள்: "அபர்டீன்ல குளிரு கொன்னுருமாம்லக்கா. இவன் தாங்குவானா?"

"எந்த அபர்டீன்?"

"அய்யோ, அவன் உங்ககிட்ட இன்னும் சொல்லலையாக்கா" என்றாள்.

அபர்டீன் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கடலோரம் இருக்கும் ஊர். இங்கே பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்க, என் மகன் அங்கே போய்ப் படிப்பதாக முடிவு செய்திருக்கிறான். பெற்றவளுக்கு முன்னால் சித்திக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே சொன்னான், எப்போது சொன்னான் என்று நான் கேட்கவே தேவையில்லை. ஓடும்போது சொல்லியிருப்பான்.

ஓடும்போதுதான் என் பிள்ளைக்கு வாய் திறக்கிறது என்றால் நானும் ஓடுவேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கூடவே இன்னொரு ஆசையும் வந்தது. அவன் பார்க்க, ஒரே ஒருமுறை, அவளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

3

நான் பிறந்தது நரிக்குடிப் பக்கம். அங்கே யாரும் சும்மா ஓட மாட்டார்கள். பெண்பிள்ளை ஓடினாள் என்றால் பருத்திக்காட்டில் ஆடு விழுந்து மேய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அருப்புக்கோட்டை பஸ் கிளம்பியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஓடினால் எதிரே வருபவர்கள் பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கூடவே ஓடி வருவார்கள். அந்தப் பழக்கத்தில், வாய்க்கால் கரையில் முதல்நாள் ஓடியபோது நான் நாலு அடிக்கு ஒருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எதிரே நாயோடு வந்த கிழவர் ஒதுங்கி நின்று, யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டார்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும்போதெல்லாம் செய்தித்தாளை இறக்காமலே, "ஆட்டப் பத்தி விட்டுட்டியா?" என்பார். இரண்டாவது வாரம் அவருக்குக் காப்பி போடுவதை நிறுத்தினேன். கேள்வியும் நின்றது.

பந்தயத்துக்குப் பெயர் பதிவது ஓடுவதை விடப் பெரிய வேலை. இந்த ஊரில் நூலகத்தில் சேர்வதிலிருந்து எல்லாவற்றுக்கும் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஜோதி விவரமாக இங்கே வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வந்தவள். நான் எதை எங்கே நிரப்பினேனோ, தபாலில் வந்த மார்புச் சீட்டில் எண்ணுக்குக் கீழே கொட்டை எழுத்தில் அப்பா பெயர், குருவையா என்று அச்சடித்து வந்தது. மாற்றித் தாருங்கள் என்று எழுதினேன். மாற்றும் காலம் முடிந்துவிட்டது, உங்கள் ஓட்டம் சிறக்க வாழ்த்துகள் என்று பதில் வந்தது. எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்றும் ஒரு கேள்வி இருந்தது. முடிப்பீர்களா என்று கேட்டிருந்தால் யோசித்தாவது பதில் சொல்லியிருப்பேன்.

நானும் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் ஜோதியின் முகம் லேசாகவாவது சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அந்தச் சந்தோஷத்தையும் அவள் தரவில்லை.

"சூப்பர்க்கா. மூணு பேருஞ் சேந்து ஓடுவோம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உடனே உட்கார்ந்து, எந்தக் காலுறை போட்டால் கொப்புளம் வராது, மேட்டில் எப்படிக் குட்டி குட்டி அடியாக வைப்பது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் அவளுடைய கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைந்து எடுத்த மாதிரி இருந்தது.

கவின், "ஏன் மம்?" என்று கேட்டான்.

"சும்மாதான்" என்றேன். இருபது வார்த்தை சொல்ல நினைத்து, எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் அந்த ஒன்றைச் சொன்னேன்.

"கூல்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

4

அந்தப் பூங்காவை ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு கிராமத்தைக் கண்மாயோடும் காட்டோடும் தூக்கி வந்து உள்ளே வைக்கலாம். மேடு, பள்ளம், ஏரி, ஏரியில் படகு, கரையில் வாத்து, இவ்வளவுக்கும் மேல் புல். யாருக்கும் வேண்டாத புல். மெஷின் வைத்து வெட்டிக் கொட்டுகிறார்கள். எங்கள் ஊரில் ஆவணி புரட்டாசியில் ஆட்டுக்குக் குழை தேடிச் சீமைக்கருவேலமரத்தடியில் முள் மிதித்தவள் நான். இங்கே மழை பெய்தால் 'மோசமான நாள்' என்று முகத்தைச் சுளிப்பார்கள். மழையை வைத்துக்கொண்டு சலித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். என் பொறாமை ஜோதியோடு நிற்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை காலை. லேசான தூறல். வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஜோதியின் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு முடிவுக் கோட்டுப் பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் கூட்டத்தில் நின்றோம். கவின் குனிந்து என் ஷூ முடிச்சைப் பார்த்துவிட்டு, "உங்க வேகத்துல ஓடுங்க மம். நானும் சித்தியும் எப்பவும்போல ஒண்ணா ஓடுறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அக்கறையாகத்தான் சொன்னான். எப்பவும்போல என்ற சொல்தான் என்னைத் தள்ளிவிட்டது.

ஊதல் கேட்டதும் ஆடு விழுந்த பருத்திக்காட்டைப் பார்த்து ஓடுவதுபோல ஓடினேன். குட்டி அடி, மூச்சு எண்ணுவது எதுவும் நினைவில் இல்லை. வழி நெடுக இரண்டு பக்கமும் வேலி ஓரம் நின்றவர்கள் என் மார்புச் சீட்டைப் படித்துப் படித்துக் கத்தினார்கள். "கம் ஆன், குருவையா." "வெல் டன், குருவையா." என் அப்பா ஊரில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருப்பார், மான்செஸ்டர் முழுக்க அவரை ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் மேடு ஏறி இறங்கியும் ஜோதி என்னைத் தாண்டவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஏரிக்கரை வந்தது, அப்போதும் தாண்டவில்லை. முதல் சுற்று முடிந்து தண்ணீர் கொடுக்கும் மேசைக்கு வந்தபோது, எவ்வளவு தூரம் பின்னால் விட்டிருக்கிறேன் என்று பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். ஜோதி வேர்க்கக்கூட இல்லை.

நான் நடந்தேன், அவர்களும் நடந்தார்கள். நான் ஓடினேன், அவர்களும் ஓடினார்கள். இரண்டாவது தடவை அதே மேட்டில் நான் ஏறக்குறைய தவழ்ந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் கவின் பொறுமை இழந்து பேசுவது கேட்டது.

"சித்தி, காலுல அடி பட்டுருச்சா? ஏன் இப்படி மெதுவா வாரீங்க? போங்க."

"இருடா. அக்கா முன்னாடி போறாகல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. அதே இடத்தில் நின்றுவிட்டேன். அவளும் நின்றாள்.

5

எங்கள் மாமனார் ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுப்போம். ஒரு வீட்டில் எத்தனை மருமகள்கள் இருந்தாலும் மூத்தவள் முன்னால் போவாள், அடுத்தவள் அவள் முதுகுக்குப் பின்னால் போவாள். மூத்தவள் நின்றால் சின்னவளும் நிற்க வேண்டும். முந்தினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது, நடுவழியில் என் தலையில் சும்மாடு நழுவிவிட்டது. நான் ஒரு வேப்பமரத்து நிழலில் நின்று சரிசெய்துகொண்டேன். நிழல் என்னோடு முடிந்துவிட்டது. ஜோதி தலையில் முளைப்பாரியோடு, வெறுங்காலோடு, கொதிக்கிற தாரில் நின்றாள். ஒதுங்கவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அதையே அவள் இங்கே பந்தயத்தில் செய்துகொண்டிருந்தாள். நெஞ்சில் நேரம் கணக்கிடும் சீட்டைக் குத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் நூறு பேர் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத் தாண்டிப் போடி" என்றேன்.

"இல்லக்கா. நீங்க போங்க, நா பின்னாலயே வாரேன்."

"இது பந்தயம் ஜோதி. முளைப்பாரி இல்ல."

"தெரியுங்க்கா. அடுத்தவுகன்னா போயிருவேன். நீங்க முன்னாடி போகையில எனக்கு மனசு வரல."

கவின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நெசமாவா சித்தி? இதுக்காகவா?" என்று அவளிடம் தமிழில் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் முகம் மலர்ந்துபோனது. என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "எவ்வளவு அழகான விஷயம் மம்" என்றான்.

அழகான விஷயமாம். அவள் என்னைத் தோற்கடித்திருந்தால் நான் ஒரு வாரம் எரிச்சலோடு திரிந்துவிட்டு விட்டிருப்பேன். அவள் என்னைத் தோற்கவும் விடவில்லை. என் மகன் எதிரில் வெற்றியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அதற்கும் அவனிடமிருந்து ஒரு மலர்ந்த முகத்தை வாங்கிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவளிடம் குற்றம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்ததால் இன்னும் பிடிக்கவில்லை.

"ஜோதி, பெரியவ சொல்றேன். போ."

"கோவமாக்கா?"

"கோவம் இல்ல. போ."

பெரியவள் சொன்னால் மறுக்க முடியாது. அதுவும் வரிசையில் சேர்ந்ததுதான். போனாள். கட்டை அவிழ்த்துவிட்ட கன்று போல மேட்டில் ஏறிப் போனாள். அவ்வளவு நேரமும் எவ்வளவு வேகத்தை எனக்காக அடக்கி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கவின் நின்றான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீயும் போ" என்றேன்.

போ என்று சொன்னால் பிள்ளைகள் நிற்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்களோ. "ஷ்யூர்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். இரண்டு முதுகுகளும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒரு பெண்கூட என்னைத் தாண்டிப் போனாள். குருவையாவுக்கு மட்டும் கைதட்டல் குறையவில்லை.

முடிவுக் கோட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு பெண் என் கழுத்தில் பதக்கத்தை மாட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் ஜோதி தன் பையிலிருந்து அவளுடைய பதக்கத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம்.

சாயங்காலம் அத்தை போனில் வந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ரெண்டு மருமக்களும் ஓடிருக்காகளே. யாருத்தா மொதல்ல வந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோதி சொன்னாள்: "முக்கால்வாசித் தூரம் அக்காதான் முன்னாடி போனாக அத்தை."

அது பொய்யும் இல்லை. "பெரியவ கெட்டிக்காரில்ல" என்றார் அத்தை. அதற்கு முன்னால் பல வருஷமாக நான் எதிர்பார்த்திருந்த சொல் அது. நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

6

கவின் அபர்டீனுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவன் அறையில் ஜன்னல் மட்டும் திறந்து மூடுகிறேன். வாய்க்கால் கரையில் இப்போதும் ஓடுகிறேன், ஏன் என்று கேட்டால் பழைய பொய்யையே சொல்கிறேன்.

அவன் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை காலையில் அவனிடமிருந்து போன் வந்தது. நான் கூப்பிடாமல் அவனாகவே கூப்பிட்டான். அடுத்த சனிக்கிழமையும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பேச்சு பெரிதாக இல்லை. சாப்பாடு, துணி துவைப்பது, காற்று. ஆனால் சனிக்கிழமை எழுந்ததும் முதலில் என்னைக் கூப்பிடுகிறான். நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன், நரிக்குடிக்குப் போன் போட்டு அப்பாவிடமும் சொன்னேன். ஜோதியிடம் மட்டும் சொல்லாமல் காத்திருந்தேன். நேரில் பார்க்கும்போது நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை எனக்கு வேலை முறை மாறியிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன், வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. மத்தியானம் எடுத்துப் பார்த்தபோது கவின் பலமுறை கூப்பிட்டிருந்தான். பதறிப்போய்த் திரும்பக் கூப்பிட்டேன்.

"என்னடா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஏம்மா போனை எடுக்க மாட்டேங்கிறீங்க? நீங்க எடுக்காததுனால சித்தியும் எடுக்க மாட்டேங்கிறாங்க."

கோபத்தில் அவன் தமிழிலேயே பேசிவிட்டான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முழுத் தமிழ் அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அவ எதுக்கு எடுக்க மாட்டேங்கிறா?"

"உங்களுக்குத் தெரியாதா? நா இங்க வந்த அன்னைக்கே சித்தி சொல்லிட்டாங்க. மொதல்ல அம்மாக்குப் பேசு, பெறகுதான் எனக்குன்னு. பேசியாச்சான்னு கேப்பாங்க. இல்லைன்னா கட் பண்ணிருவாங்க."

சனிக்கிழமை காலையில் எனக்கு வரும் போன் ஜோதிக்குப் போகும் வழியில் இருக்கும் சுங்கச்சாவடி என்று தெரிந்துகொண்டேன். நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அவள் எனக்கு விட்டுக்கொடுத்த இடத்தை.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் வேலையில் ஒருவருக்குரிய நாளை இன்னொருவருக்குக் குறித்தேன். அவளைக் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. என்ன சொல்லிச் சண்டை போடுவது? என் மகனுக்கு என்னை முதலில் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாய் என்றா? பூங்கா மேட்டில் சொன்னதுபோல, 'பெரியவ சொல்றேன், அவன் போனை எடு' என்று சொல்லலாம். சொன்னால் எடுத்துவிடுவாள். அடுத்த சனிக்கிழமை என் போன் அடிக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

இன்றைக்குக் காலையிலும் போன் வந்தது. நன்றாக இருப்பதாகச் சொன்னான். காற்று அதிகம் என்றான். பிறகு, "சரிம்மா, வச்சிரட்டுமா?" என்றான். அவன் அவசரம் எதற்கு என்று எனக்குத் தெரியும். சித்தியோடு போனில் பேசிக்கொண்டே ஓட, அங்கே ஷூ மாட்டிக்கொண்டு நிற்பான். இங்கே அவள் பூங்கா வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருப்பாள்.

"இருடா" என்றேன். "காலையில என்ன சாப்பிட்ட?"

சொன்னான்.

"நேத்து ராத்திரி?"

அதையும் சொன்னான். குளிருக்கு வாங்கிக் கொடுத்த கோட்டைப் போடுகிறாயா என்று கேட்டேன். பக்கத்து அறைப் பையன் எந்த ஊர், அவன் அம்மா என்ன வேலை பார்க்கிறாள், அங்கே தயிர் உறைகிறதா, ஜன்னலில் இருந்து கடல் தெரிகிறதா, இன்றைக்கு அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தான். அவள் நிற்கட்டும். அவள் சின்னவள்தானே.